சி மொழியில் ஸ்ட்ரக்டை எழுத்தாக்குவதும் எழுத்தை ஸ்ட்ரக்டாக்குவதும்: வகுப்பில் ஓயாமல் வந்த கேள்விகள்

கும்பகோணத்தில் மாலை நேரங்களில் சி சொல்லிக்கொடுக்கிறேன். பாபநாசம், வலங்கைமான், திருவிடைமருதூர் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வரும் பாலிடெக்னிக், கலைக் கல்லூரிப் பிள்ளைகள்தான் அதிகம். எல்லாருக்கும் ஒரே பயிற்சி: வாய்க்கால் மதகில் தண்ணீர் எத்தனை அடி நிற்கிறது என்று ஒரு சின்ன போர்டு கால் மணிக்கு ஒரு தடவை அளந்து அனுப்பும். லினக்ஸ் கணினி அதை வரி வரியாக ஃபைலில் எழுதும். மறுநாள் இன்னொரு புரோகிராம் அந்த ஃபைலைப் படித்துக் கணக்குப் போடும். புரோகிராமுக்குள் ஒரு அளவின் மதகு எண், நேரம், உயரம் எல்லாம் சேர்ந்த கட்டுதான் ஸ்ட்ரக்ட். எழுதுகிற பாதியை ஒரே மாலையில் முடித்துவிடுவார்கள். படிக்கிற பாதிதான் வாரக்கணக்கில் இழுக்கும்.

அந்த வாரங்களில் வந்த கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கீழே வைத்திருக்கிறேன். ஃபங்ஷன் பெயர்களையும் பார்மட் எழுத்துகளையும் வகுப்பில் வாயால் சொல்கிற விதத்திலேயே தமிழில் எழுதியிருக்கிறேன். கீபோர்டுக்குப் போகும்போது ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள். அநேகமாக எல்லா உதாரணத்துக்கும் ஒரே வரிதான்: மூன்றாம் மதகு, 2025 ஜூன் 12, காலை 6:15, தண்ணீர் 4.25 அடி. ஜூன் 12 மேட்டூர் திறக்கும் நாள் என்பதால் யாருக்கும் மறக்காது.

சார், ஸ்ட்ரக்டை அப்படியே பிரிண்ட்எஃப்ல போட்டா வராதா?

வராது. கம்பைல் ஆன பிறகு மெமரியில் இருப்பது வெறும் பைட்டுகள். இது மதகு எண், இது நேரம், இது உயரம் என்ற பெயர்கள் அங்கே கிடையாது. பைத்தானில் அச்சடித்துப் பழகியவர்களுக்கு இது விசித்திரமாகத் தெரியும். சி-யில் ஒவ்வொரு உறுப்பையும் நாமே எடுத்து, அதற்குரிய பார்மட்டைக் கொடுத்து எழுத வேண்டும். நம் உதாரணம் இப்படி வரும்:

`1749689100 3 4.25`

முதல் எண் 1970 ஜனவரி 1 நள்ளிரவு யுடிசி (உலகப் பொது நேரம்) தொடங்கி ஓடிய விநாடிகள். நம் ஊரில் அந்த நொடி காலை ஐந்தரை மணி. இந்த ஐந்தரை பின்னால் நம்மைப் படுத்தப் போகிறது.

அப்ப எதுக்கு எழுத்தா மாத்தணும்? எஃப்-ரைட் போட்டு பைட்டாவே தள்ளிட்டா முடிஞ்சுதே?

அதே கணினி, அதே புரோகிராம், சாயங்காலம் அழித்துவிடப் போகும் தற்காலிக ஃபைல் என்றால் தாராளமாகத் தள்ளுங்கள். இரண்டு கணினி வந்துவிட்டால் கதை வேறு.

ஒரு பைட் மதகு எண், அதன் பின் ஒரு டபுள் (தசம எண்) உள்ள ஸ்ட்ரக்டை எடுத்துக்கொள்ளுங்கள். 64 பிட் லினக்ஸில் அது 16 பைட். டபுள் எட்டின் மடங்கில் உட்கார வேண்டும் என்பதற்காக நடுவில் ஏழு பைட் சும்மா கிடக்கும். 32 பிட் இன்டெல் லினக்ஸில் 12 பைட். அர்டுயினோ ஊனோவில் டபுளே நான்கு பைட்தான், இடைவெளியும் கிடையாது, மொத்தம் 5. மூன்று இடத்திலும் ஸ்ட்ரக்டை எழுதிய வரிகள் எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான். நானே ஒருமுறை போர்டிலிருந்து வந்த பைட்டுகளை நேரே ஸ்ட்ரக்டில் ஊற்றிவிட்டு, தண்ணீர் ஏன் கோடி அடி நிற்கிறது என்று ஒரு ராத்திரி முழுக்க சென்சாரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

டைம்-டி-யை அச்சடிக்க %டி-யா, %எல்டி-யா? ஒவ்வொருத்தரும் ஒண்ணு சொல்றாங்க.

இரண்டுமே ஊகம்தான். காலத்தை விநாடி எண்ணாக வைக்கும் டைம்-டி எத்தனை பைட் என்று சி தரநிலை சொல்வதில்லை. லாங் லாங் ஆக மாற்றிவிட்டு %எல்எல்டி போடுங்கள், எங்கும் செல்லும். ப்ராசஸ் எண்ணுக்கும் ஃபைல் அளவுக்கும் இதே வழி. சைஸ்-டி-க்கு மட்டும் சொந்தமாக %இசட்யு இருக்கிறது.

பழைய 32 பிட் டைம்-டி 2038 ஜனவரி 19 அன்று நம் நேரம் காலை 8:44:07-க்கு நிரம்பிவிடும். சின்ன போர்டுகளில் இன்னொரு வில்லங்கம்: அர்டுயினோ ஊனோ போன்றவற்றுக்கான ஏவிஆர்-லிப்சி என்ற சி நூலகத்தில் காலக்கணக்கு 1970-லிருந்து அல்ல, 2000 ஜனவரி 1-லிருந்து தொடங்குகிறது. அந்த எண்ணை அப்படியே கணினிக்கு அனுப்பினால் 2025 ஜூன் அளவு 1995 ஜூனில் போய் நிற்கும். 946684800 கூட்டிக்கொள்ள வேண்டும்.

வருஷம் 125-ன்னு வருது, மாசம் ஒண்ணு குறையுது. கம்பைலர் கோளாறா?

கம்பைலர் மேல் தப்பில்லை. தேதியை நாள், மாதம், வருடம் என்று பிரித்து வைக்கும் ஸ்ட்ரக்ட் டிஎம்-ல் வருடம் 1900-லிருந்து எண்ணப்படுகிறது. மாதம் 0 முதல் 11 வரை. தேதி மட்டும் ஒழுங்காக 1-லிருந்து. கிழமையில் ஞாயிறு 0. ஆகவே 2025 ஜூன் 12, வியாழக்கிழமை என்பது 125, 5, 12, கிழமை 4.

வருடத்துக்கு முன்னால் "19" என்று கையால் ஒட்டியவர்களின் புரோகிராம்கள் 2000 பிறந்தபோது 19100 என்று காட்டின. எழுதும்போது 1900 கூட்டி, படிக்கும்போது கழிக்க மறப்பது இன்றைக்கும் வகுப்பில் மாதம் ஒருமுறை நடக்கிறது.

சி-டைம் ஒரே வரியில எல்லாத்தையும் எழுதிடுதே, அதை ஏன் வேண்டாங்கிறீங்க?

முதலில் சின்னக் குறைகள். கிழமையும் மாதமும் ஆங்கிலச் சுருக்கத்தில் வரும், வருடம் கடைசியில் வரும், போதாக்குறைக்கு ஒரு புது வரிக் குறியையும் ஒட்டிக்கொடுக்கும். வரிசைப்படுத்தவும் முடியாது.

பெரிய குறை, அது விடையை எழுதி வைக்கிற இடம் ஒன்றே ஒன்று. மதகு திறந்த நேரம், மூடிய நேரம் இரண்டையும் ஒரே பிரிண்ட்எஃப்-ல் சி-டைம் வழியாகக் கொடுத்துப் பாருங்கள்: இரண்டும் ஒரே நேரமாக வரும். இரண்டாவது அழைப்பு முதல் விடையின் மேலேயே எழுதிவிட்டது. இரண்டு வீட்டுக்கும் ஒரே சிலேட்டு மாதிரி. லோக்கல்-டைம், ஜிஎம்-டைம் இரண்டுக்கும் இதே வியாதி. பெயரின் பின்னால் ஆர் சேர்த்த வடிவங்களைப் பயன்படுத்தினால், விடை எங்கே எழுதப்பட வேண்டும் என்று நீங்களே இடம் கொடுக்கலாம். சி-டைமையும் ஆஸ்க்-டைமையும் சி23 தரநிலையே கைவிடத்தக்கவை என்று குறித்துவிட்டது.

சரி, ஸ்டர்-எஃப்-டைம் போட்டேன். சில சமயம் குப்பையா வருதே?

பஃபர் (விடையை எழுத ஒதுக்கிய இடம்) போதவில்லை. நாம் கேட்கும் பார்மட்டில் தேதியை எழுதும் ஸ்டர்-எஃப்-டைம் இடம் பற்றாவிட்டால் 0 திருப்பித் தரும். அப்போது பஃபரில் இருப்பதை நம்பக் கூடாது. எஸ்என்-பிரிண்ட்எஃப் பழக்கம் வேறு: அது கொள்கிற வரை எழுதி, ஒழுங்காக முடித்து, முழுதும் எழுத எத்தனை எழுத்து வேண்டியிருக்கும் என்ற எண்ணைத் திருப்பித் தரும். அந்த எண் பஃபர் அளவுக்குச் சமமாக இருந்தாலே ஒரு எழுத்து வெட்டுப்பட்டுவிட்டது என்று பொருள். இரண்டின் விடையையும் பார்க்காமல் விடுகிறவர்களுக்கு நான் மதிப்பெண் குறைப்பேன்.

எழுத வருது அண்ணே, திரும்பப் படிக்கத்தான் வரல. எஸ்-ஸ்கேன்எஃப்ல என்ன தப்பு?

எழுதும்போது விஷயம் நம் கையில் இருந்தது. படிக்கும்போது எதிரில் என்ன வரும் என்று தெரியாது. எஸ்-ஸ்கேன்எஃப் இந்தச் சந்தேக புத்தி இல்லாத ஃபங்ஷன். எத்தனை இடத்தை நிரப்பினேன் என்று ஒரு எண் தரும். மூன்று கேட்டு மூன்று வந்ததா என்று பார்க்காவிட்டால் பழைய மதிப்பே புது மதிப்பாக நடமாடும். "4.25xyz" மாதிரி வால் முளைத்த எண்ணையும் 4.25 என்று வாங்கிக்கொண்டு பேசாமல் இருக்கும். அளவு சொல்லாத %எஸ் பஃபரைத் தாண்டிப் போகும். ஒரு பைட் மாறியில் %டி போட்டால் பக்கத்து மூன்று பைட்டையும் மிதித்துவிடும். எண் பெரிதாகி இடம் மீறினால் என்ன நடக்கும் என்று தரநிலையே உறுதி சொல்வதில்லை. ஏடூஐ-க்கும் அதே கதி, அங்கே தப்பு நடந்ததைத் தெரிந்துகொள்ளவே வழியில்லை.

ஆகவே எழுத்தை முழு எண்ணாக்க ஸ்டர்-டு-எல். முதலில் எர்ர்னோவை (கடைசிப் பிழையின் எண் இருக்கும் மாறி) 0 ஆக்குங்கள். அழைத்த பிறகு மூன்று கேள்வி: முடிவுப் பாயிண்டர் (படித்து நின்ற இடத்தைக் காட்டுவது) தொடங்கிய இடத்திலேயே நிற்கிறதா? அப்படியென்றால் எண்ணே இல்லை. பாயிண்டர் நிற்கும் இடத்தில் நாம் எதிர்பார்த்த இடைவெளியோ வரி முடிவோ இருக்கிறதா? எர்ர்னோ மாறியிருக்கிறதா? மூன்றும் சரியானால்தான் நான்காவதாக நம் எல்லை: மதகு எண் 1-லிருந்து 12-க்குள் இருக்கிறதா என்று பார்க்கலாம்.

குறியில்லாத எண்ணுக்கான ஸ்டர்-டு-யுஎல்-ஐ நம்பி ஏமாறாதீர்கள். "-1" கொடுத்தால் மறுக்காது. 64 பிட் லினக்ஸில் 18446744073709551615 என்று அடக்கமாகத் திருப்பித் தரும். தசமத்துக்கான ஸ்டர்-டு-டி "எண்ணே அல்ல" என்பதைக் குறிக்கும் நான் என்ற சொல்லையும் ஏற்கும் (நம் "நான்" அல்ல, ஆனால் அதே அகங்காரம்). சிறியதா, பெரியதா, சமமா என்று அதை எதனோடு ஒப்பிட்டாலும் விடை பொய். "0-க்குக் கீழே அல்லது 20-க்கு மேலே இருந்தால் தள்ளு" என்று எழுதினால் அது தள்ளப்படாமல் உள்ளே வந்துவிடும். "0-க்கும் 20-க்கும் இடையில் இருந்தால் மட்டும் ஏற்றுக்கொள்" என்று திருப்பி எழுதுங்கள்.

எட்டாம் தேதியும் ஒன்பதாம் தேதியும் மட்டும் தப்பாப் போகுது. பத்தாம் தேதி தானா சரியாயிடுது. பேய் மாதிரி இருக்கு.

பேயின் பெயர் எண்ம முறை. %ஐ போட்டாலும், ஸ்டர்-டு-எல்-க்கு அடிமானம் 0 என்று கொடுத்தாலும், முன்னால் சுழியம் உள்ள எண்ணை எட்டை அடிமானமாக வைத்துப் படிக்கும். 01 முதல் 07 வரை இரண்டு முறையிலும் ஒரே விடை, அதனால் யாருக்கும் தெரியாது. எண்ம முறையில் 8 என்ற இலக்கமே இல்லை. "08"-ல் 0-ஐ மட்டும் படித்து நின்றுவிடும். மேலே சொன்ன முடிவுப் பாயிண்டரைப் பார்த்திருந்தால் முதல் நாளே பிடிபட்டிருக்கும். அடிமானம் 10 என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களிலும் இதே பேய் வரும், அப்போது இரண்டு மாதம் தங்கும்.

ஸ்டர்-பி-டைம் இருக்கும்போது கையால எதுக்குப் பிரிக்கணும்?

தேதி எழுத்தைப் படித்து ஸ்ட்ரக்ட் டிஎம்-ல் நிரப்பும் அதைப் பயன்படுத்தலாம், மூன்று விஷயம் தெரிந்தால். ஒன்று, அது பாசிக்ஸ் (யூனிக்ஸ் வகை இயங்குதளங்களின் தரநிலை) சமாச்சாரம், சி தரநிலையில் இல்லை. விண்டோஸில் தேடினால் கிடைக்காது. லினக்ஸிலும் ஹெடர்களுக்கு மேலே எக்ஸ்-ஓப்பன்-சோர்ஸ் என்ற மேக்ரோவை வரையறுக்காமல், கம்பைலரைக் கறாரான தரநிலை முறையில் ஓட்டினால் அறிவிப்பு தெரியாது. பழைய கம்பைலர்கள் அது இன்ட் திருப்பித் தரும் என்று எண்ணிக்கொண்டு 64 பிட் பாயிண்டரைப் பாதியாக வெட்டிவிடும். ஜிசிசி 14 முதல் இதைப் பிழையென்றே நிறுத்துகிறது.

இரண்டு, பார்மட்டில் நீங்கள் கேட்காத உறுப்புகளைத் தொடாது. அழைக்கும் முன் ஸ்ட்ரக்ட் முழுவதையும் சுழியமாக்கி, கோடைக்கால நேரத்துக்கான உறுப்பை -1 ஆக்கிவிடுங்கள். மூன்று, அது எங்கே நின்றது என்ற பாயிண்டரைத் தருகிறது. அதைப் பார்ப்பது உங்கள் வேலை.

நேரம் ஐந்தரை மணி முன்னாடியே காட்டுது. 19800 கூட்டிட்டேன், சரியாயிடுச்சு. விட்டுடலாமா?

விடாதீர்கள். அடுத்த மாதம் இன்னொருவர் இன்னொரு இடத்தில் இன்னொரு 19800 கூட்டுவார், பதினொரு மணி நேரம் தள்ளிப்போகும்.

தேதியை விநாடி எண்ணாக்கும் எம்கே-டைம் தனக்கு வருகிற ஸ்ட்ரக்ட் டிஎம்-ஐ உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்ளும். போர்டு யுடிசியில் 00:45 என்று எழுதியிருக்கும். அதை எம்கே-டைமிடம் கொடுத்தால் நம் ஊர் நள்ளிரவு 00:45 என்று புரிந்துகொள்ளும். யுடிசிக்கு டைம்-ஜிஎம் இருக்கிறது. லினக்ஸில் நெடுநாளாக உண்டு, சி23-ல் தரநிலைக்குள்ளும் வந்துவிட்டது. குற்றவாளி அந்த எழுத்து வரிதான்: "06:15" என்று மட்டும் எழுதினால் அது எந்த ஊர் 6:15 என்று வரியில் இல்லை. +05:30 என்றோ, யுடிசி என்றால் கடைசியில் இசட் என்றோ சேர்த்து எழுதுங்கள்.

ஸ்டர்-பி-டைமில் %இசட் (சின்ன எழுத்து) அந்த +05:30-ஐப் படித்துவிடும் என்று ஒரு மாணவி காட்டினார். லினக்ஸின் சி நூலகமான க்ளிப்சி படித்து ஒரு உறுப்பில் வைக்கவும் செய்கிறது. ஆனால் எம்கே-டைம் அதைத் திரும்பியும் பார்ப்பதில்லை. டைம்-ஜிஎம் போட்டு, அந்த வித்தியாசத்தை நீங்களே கழிக்க வேண்டும். சூழல் மாறியில் நேர மண்டலத்தைக் கையால் எழுதும்போது குறி தலைகீழ்: நம் ஊருக்குக் கூட்டல் அல்ல, கழித்தல் 5:30. ஆசியா/கொல்கத்தா என்று பெயரையே கொடுத்துவிட்டால் இந்தக் குழப்பம் வராது.

ஜூன் 31-ன்னு தப்பாக் கொடுத்தேன். பிழையே காட்டல, ஜூலை 1 ஆக்கிடுச்சு.

எம்கே-டைமின் குணம் அது. தேதிக்கு நாள் கூட்ட இதைவிட வசதியான வழி இல்லை: 12-ஓடு 100 கூட்டி 112-ஆம் தேதி என்று கொடுத்தால் குறுவை அறுவடைத் தேதியை அதுவே கண்டுபிடிக்கும். ஆனால் சரிபார்க்கும் ஆள் அது இல்லை. கொடுத்த நாள், மாதம், வருடத்தை ஒரு பிரதி வைத்துக்கொண்டு, எம்கே-டைம் முடிந்ததும் ஒப்பிடுங்கள். மாறியிருந்தால் வந்த தேதி பொய்.

மைக்ரோசெகண்டு சேர்த்து எழுதினேன். வரிசை மாறுது.

5 விநாடி, 42 மைக்ரோ விநாடியை "5.42" என்று எழுதியிருப்பீர்கள். அது 5.000042. ஆறு இலக்கம், முன்னால் சுழியம் என்று பார்மட்டில் சொல்லுங்கள். நானோ என்றால் ஒன்பது. எதிர்மறை நேர வித்தியாசம் வந்தால் இன்னும் கவனம்: கழித்தல் அரை விநாடி என்பது, விநாடியையும் நானோவையும் தனித்தனியாக வைக்கும் டைம்ஸ்பெக்கில் விநாடி -1, நானோ 500000000.

4.25 எழுதினா 4.25-தான் வருது. 4.1 எழுதினா 4.0999999999999996. எது நிஜம்?

இரண்டாவதுதான் மெமரியில் இருக்கிறது. 4.25 இரண்டடிமானத்தில் அச்சாக உட்காரும், 4.1 உட்காராது. டபுளை எழுதி, ஒரு பிட் மாறாமல் திரும்ப எடுக்க 17 இலக்கம் வேண்டும், ஃப்ளோட்டுக்கு 9. மனிதர் படிக்க வேண்டியதில்லை என்றால் %ஏ இருக்கிறது, பதினாறடிமானத்தில் துல்லியமாக எழுதும்.

மதகு உயரத்துக்கு இதெல்லாம் தேவையா என்றால், தேவையில்லை. நம் சென்சாருக்கு ஒரு சென்டிமீட்டர் தெரிந்தாலே பெரிது. முழு எண்ணாக மில்லிமீட்டரில் வைத்துவிடுங்கள். எல்லைக் கோடு இருக்கிற இடத்தில்தான் இது வலிக்கும். கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதத்துக்கு வழக்கமான வரம்பு 17 சதவீதம். 17.04-ஐ ஒரு தசமத்தோடு எழுதினால் சீட்டில் 17.0, உள்ளே ஒப்பிடுகிற எண் 17.04. சீட்டு "ஆச்சு" என்கும், புரோகிராம் "ஆகாது" என்கும். அந்த மாதிரி இடத்தில் எதை எழுதுகிறீர்களோ அதையே ஒப்பிடுங்கள்.

அர்டுயினோவில் %எஃப் போட்டால் எண்ணுக்குப் பதில் ஒரு கேள்விக்குறி வருவதும் இதோடு சேர்ந்த கேள்விதான். இடம் மிச்சம் பிடிக்க அங்கே தசமப் பகுதியையே விட்டுவிட்டார்கள். முழு எண்ணுக்கு மாற இன்னொரு காரணம். ஜெர்மன் மொழி அமைப்பில் ஓடும் கணினியில் தசமப் புள்ளி காற்புள்ளியாக மாறலாம் என்பதையும் ஓரமாக எழுதி வையுங்கள். செட்-லோக்கேல் அழைக்காதவரை தொல்லையில்லை.

ஐபி முகவரி 167880896-ன்னு வருது. 192.168.1.10-ல்ல வரணும்?

நெட்வொர்க் ஒழுங்கில் பெரிய பைட் முன்னால். நம் இன்டெல் கணினியில் சின்ன பைட் முன்னால். அந்த நான்கு பைட்டையும் அப்படியே ஒரு எண்ணாகப் படித்தால் நீங்கள் சொன்ன 167880896 வரும். போர்ட் எண்ணிலும் இதுதான்: 8080-ஐ மாற்றாமல் அச்சடித்தால் 36895.

முகவரியை எழுத்தாக்க ஐநெட்-என்-டு-பி. பஃபருக்கு 16 இடம், ஐபி 6-க்கு 46. இரண்டுக்கும் பெயரிட்ட மாறிலிகள் ஹெடரிலேயே உண்டு. பழைய ஐநெட்-என்டூஏ வேண்டாம், சி-டைமுக்குச் சொன்ன அதே ஒற்றைச் சிலேட்டு வியாதி.

படிக்கிறதுக்கு ஐநெட்-அட்ர் போதாதா? பழைய புத்தகத்துல அதுதான் இருக்கு.

அது பிழைக்கு -1 தரும். அந்த -1 பைட்டாகப் பார்த்தால் 255.255.255.255, செல்லுபடியாகும் முகவரி. கூடவே 010.0.0.1 என்று எழுதினால் 8.0.0.1 என்று படிக்கும். எட்டாம் தேதிப் பேய் இங்கேயும் குடியிருக்கிறது. ஐநெட்-பி-டு-என் கறாரானது: சரியென்றால் 1, எழுத்து தப்பென்றால் 0, முகவரி வகையே தெரியாவிட்டால் -1. விடை "0 இல்லை" என்று பார்க்காமல் "1-தானா" என்று பாருங்கள்.

ஐபி 6-ல எழுதினது ஒண்ணு, திரும்ப வந்தது ஒண்ணு.

0:0:0:0:0:0:0:1 என்று கொடுத்தால் ::1 என்று வரும். ஒரே முகவரிக்குப் பல எழுத்து வடிவம் உண்டு, ஆகவே எழுத்தை எழுத்தோடு ஒப்பிடாமல் 16 பைட்டை 16 பைட்டோடு ஒப்பிடுங்கள். ஒரே இணைப்புக்குள் மட்டும் செல்லும் முகவரிகளில் எந்த நெட்வொர்க் கார்டு என்ற விவரமும் வேண்டும்; ஐநெட்-என்-டு-பி அதைத் தவறவிடும். கெட்-நேம்-இன்ஃபோவை எண் வடிவம் மட்டும் கேட்டு அழைத்தால், சதவீதக் குறியோடு அதையும் சேர்த்துத் தரும்.

ஸ்டாட் கொடுத்த மோடு 33188. இதுல படிக்கிற உரிமை எங்க இருக்கு?

ஃபைலின் விவரம் தரும் ஃபங்ஷன் ஸ்டாட்; அது தரும் மோடை %ஓ-வில், அதாவது எண்ம முறையில் எழுதுங்கள்: 100644. கடைசி மூன்று இலக்கம் உரிமை, முன்னால் இருப்பது சாதாரண ஃபைல் என்ற வகை.

எர்ர்னோ எண்ணை லாகுல எழுதி வச்சேன். வேற கணினியில பார்த்தா வேற பிழை சொல்லுது.

அந்த எண்கள் ஒவ்வொரு இயங்குதளத்துக்கும் ஒரு கணக்கு. "இப்போது முடியாது, பிறகு முயல்க" என்ற பிழை லினக்ஸில் 11, மேக்கில் 35. ஸ்டர்-எரர் தரும் வாக்கியத்தை எழுதினால் மனிதருக்குப் புரியும், ஆனால் வாக்கியத்திலிருந்து எண்ணுக்குத் திரும்ப வழி கிடையாது. மொழி அமைப்பு மாறினால் வாக்கியமும் மாறும். ஈ-யில் தொடங்கும் குறியீட்டுப் பெயரையே எழுதுங்கள். க்ளிப்சி 2.32 முதல் அதற்கு ஒரு ஃபங்ஷன் உண்டு; அதற்கு முந்தையதில் சின்ன அட்டவணை ஒன்றை நாமே போட வேண்டியதுதான்.

மதகு இருக்கிற ஊர்ப் பேரைத் தமிழ்ல எழுதினா கடைசி எழுத்து உடைஞ்சு போகுது.

கும்பகோணம் கண்ணுக்கு ஆறு எழுத்து. யூனிகோட் கணக்கில் பத்துக் குறி, யுடிஎஃப்-8-ல் ஒவ்வொன்றும் மூன்று பைட். ஆக 30, முடிவுக்கு ஒன்று சேர்த்து 31. இருபது இடம் ஒதுக்கி எஸ்என்-பிரிண்ட்எஃப் போட்டால் 19 பைட்டில் வெட்டும். ஆறு குறி முழுதாக, ஏழாவதில் ஒரு பைட் மட்டும். அதுதான் திரையில் உடைந்து தெரிகிறது. வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால், தொடர் பைட்டுகளைப் பின்னோக்கித் தாண்டி ஒரு குறியின் தொடக்கத்துக்கு வந்து வெட்டுங்கள். பத்தியை நேராக்க %-20எஸ் போடுவதும் உதவாது, அதுவும் பைட்டைத்தான் எண்ணும்.

ஊர்ப் பேர்லயே காற்புள்ளி வந்துட்டா? "மேலத்தெரு, வலங்கைமான்"-ன்னு எழுதியிருக்காங்க.

பிரிக்கும் குறி உள்ளே வரக் கூடாது என்று விதி போடலாம். அல்லது வந்தால் எப்படி மறைப்பது என்று விதி போடலாம். யூனிக்ஸ் பாஸ்வேர்டு ஃபைல் முதல் வழி: ஏழு புலம், நடுவில் முக்காற்புள்ளி, உள்ளே முக்காற்புள்ளி வந்தால் மறைக்க வழியே கிடையாது. ஐம்பது வருடமாக ஓடுகிறது. நம் பயிற்சிக்கு டேப் குறியால் பிரித்து, பெயருக்குள் டேப்போ வரி முடிவோ இருந்தால் எழுதவே மறுத்துவிடுகிறோம்.

இவ்வளவு கஷ்டத்துக்கு ஜேசான் போட்டுடலாமே சார்?

போடலாம். ஜேசான் என்பது பெயரும் மதிப்புமாக எழுதும் எழுத்து வடிவம்; மேற்கோள், காற்புள்ளித் தொல்லை போகும். நேர மண்டலமும் தசமமும் எல்லைச் சோதனையும் அப்படியே உங்களிடம்தான் இருக்கும். சி-ஜேசான் நூலகம் எல்லா எண்ணையும் டபுளாகப் பிடிக்கிறது. 9007199254740992-க்கு மேல் முழு எண்கள் ஒன்றுவிட்டு ஒன்று காணாமல் போகும். நானோ விநாடியில் இன்றைய நேரம் 19 இலக்கம். அப்படிப்பட்டதை மேற்கோளுக்குள் எழுத்தாகவே அனுப்புங்கள்.

எழுதுறப்ப கரண்ட் போயிடுச்சு. ஆனா ஃபைல் நல்லாத்தான் படிக்குது. பரவாயில்லையா?

இதைக் கேட்ட பையனுக்கு நான் டீ வாங்கிக்கொடுத்தேன். வரி `1749689100 3 12.5` என்று இருக்க வேண்டும். மின்சாரம் நின்றதில் `1749689100 3 1` வரைதான் வட்டில் இறங்கியது. 1 சரியான எண், முடிவுப் பாயிண்டர் வரியின் கடைசியில் நிற்கிறது, எர்ர்னோ 0, 0-க்கும் 20-க்கும் இடையில்தான் இருக்கிறது. மேலே சொன்ன எல்லாச் சோதனையையும் தாண்டி, பன்னிரண்டரை அடித் தண்ணீர் ஒரு அடியாக உள்ளே வந்துவிட்டது.

எஃப்-கெட்ஸ் கொடுத்த வரியின் கடைசியில் புது வரிக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அந்த வரி முடியவில்லை, அல்லது பஃபர் சின்னது. முடியாத கடைசி வரியைத் தனி ஃபைலில் ஒதுக்கி வையுங்கள். அடுத்த தடவை எழுதத் தொடங்கும் முன் முதலில் ஒரு புது வரிக் குறி போடுங்கள். இல்லையென்றால் கரண்ட் வந்ததும் புது வரி அந்தப் பாதி வரியின் வாலில் ஒட்டிக்கொண்டு, ஒரு அடி `11749690000` அடியாகிவிடும்.